திரையில் எரியும் விளக்கு

நுழையும்முன்

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே இருந்த வகுப்பறையில் இன்று கணினித்திரையும் இடம்பெற்றுள்ளது. பாடநூலின் பக்கத்திலுள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசி படித்தவுடன் காணொலியும் அசைபடமும் கண்முன் விரிகின்றன. ஆயினும், திரை வந்த இடத்திற்கெல்லாம் கற்றலும் வந்துவிடுமா? இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஒருவர் இவ்வினாவைத் தம் வாழ்நாள் ஆய்வுப்பொருளாக ஏற்றுக்கொண்டார். அவர் கண்ட வழியையும் இயற்பியலுக்கான மின்னணுப் பாடப்பொருள்கள் உருவாகும் முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இரு விளக்குகள், ஒரு வினா

ஒரு மின்கலம், ஒரே அளவுள்ள இரண்டு சிறு மின்விளக்குகள், சில கம்பித்துண்டுகள். இவற்றைத் தொடரிணைப்பில் இணைத்துச் சாவியை மூடினால் எந்த விளக்கு மிகுந்த ஒளியுடன் எரியும்? இவ்வினாவை உயர்நிலை வகுப்பு மாணவர்களிடம் கேட்டால் பலரும் தயங்காமல் கூறும் விடை ஒன்றுண்டு. “முதல் விளக்குதான் நன்றாக எரியும். அதில் கொஞ்சம் கரண்ட் செலவாகிவிடும். மிச்சமிருப்பதுதான் இரண்டாவது விளக்குக்குப் போகும்” என்பர்.

இவ்விடை தவறானது. தொடரிணைப்பில் உள்ள இரு விளக்குகளின் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டமே பாய்கிறது. ஆகவே, இரண்டும் ஒரே அளவு ஒளியுடன் எரியும். வியப்பு யாதெனில், இவ்வாறு விடை கூறிய மாணவரே ஓமின் விதியைப் பிழையின்றி எழுதுவார். தொடரிணைப்பில் மின்தடைகளைக் கூட்டித் தொகுபயன் மின்தடையைக் கணக்கிடுவார். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுவார். கணக்கு அவர் கையில் இருக்கிறது. கருத்து அவர் மனத்தில் இல்லை.

இப்பிழையை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அது வீட்டுமொழியில் வேரூன்றியது. ‘கரண்ட் போய்விட்டது’, ‘கரண்ட் அதிகம் செலவாகிறது’, ‘கரண்ட் பில் கட்ட வேண்டும்’ என்று பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மின்னோட்டமும் அரிசியைப் போலச் செலவாகித் தீரும் பொருளாகவே தோன்றும். உண்மையில், விளக்கில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது மின்னாற்றல், மின்னோட்டம் குறைவதில்லை. கம்பிக்குள் நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. எனவே, பழகிய சொல் கொடுத்த படமே மனத்தில் நிலைத்துவிடுகிறது. கரும்பலகையில் எழுதப்பெறும் சூத்திரம் அந்தப் படத்தைத் தொடுவதே இல்லை.

காணவியலாததைக் காட்டி, மனத்திலுள்ள தவறான படத்தை மாணவரே திருத்திக்கொள்ளச் செய்வது எவ்வாறு? மின்னணுப் பாடப்பொருள் விடை காணவேண்டிய வினா இதுவே.

ஆய்வகத்தில் எழுந்த ஐயம்

கார்ல் வீமன் 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தார். காட்டுப்பகுதியில் அமைந்த அவர்தம் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. தந்தையார் மரம் அறுக்கும் ஆலையில் பணியாற்றினார். அருகிலிருந்த நகரத்தின் பொதுநூலகமே பிள்ளைகளுக்கு உலகைக் காட்டும் பலகணியாக விளங்கியது. அங்கிருந்து புறப்பட்ட அச்சிறுவன் பின்னாளில் இயற்பியல் அறிஞராக உயர்ந்தார்.

1995ஆம் ஆண்டில் வீமனும் எரிக் கார்னெலும் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலுள்ள ஆய்வகத்தில் ரூபிடியம் அணுக்களை ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்கிற்கும் குறைவான வெப்பநிலைக்குக் குளிர்வித்தனர். அந்நிலையில் அணுக்கள் தனித்தன்மை இழந்து ஒன்றேபோல் இயங்கின. ‘போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள்’ என்னும் அப்பருப்பொருள் நிலையைச் செய்து காட்டியமைக்காக 2001ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வீமன், கார்னெல், உல்ஃப்காங் கெட்டர்லி ஆகிய மூவருக்கும் வழங்கப்பெற்றது.

தெரிந்து தெளிவோம்
வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போஸ் 1924ஆம் ஆண்டில் தம் கட்டுரை ஒன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்து, அக்கருத்தை மேலும் விரித்தார். அவ்விருவர் பெயராலும் வழங்கும் பருப்பொருள் நிலை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே ஆய்வகத்தில் உருவாக்கப்பெற்றது.

இத்தகைய உயரத்தை எட்டிய அறிஞரின் மனத்தை நெடுங்காலமாக ஓர் ஐயம் உறுத்திக்கொண்டிருந்தது. தம் ஆய்வகத்திற்கு வந்துசேரும் மாணவர்கள் பல்லாண்டுகள் இயற்பியல் பயின்றவர்கள். தேர்வுகளில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்கள். ஆயினும், ஆய்வுப்பணியைத் தொடங்கியதும் என்ன செய்வதென்று அறியாமல் திகைத்தனர். சில ஆண்டுகள் ஆய்வகத்தில் உழைத்தபின் அவர்களே தேர்ந்த இயற்பியலாளர்களாக மலர்ந்தனர். வகுப்பறை தராத எதனை ஆய்வகம் தந்தது? இவ்வினாவையும் அறிவியல் முறையிலேயே ஆராய வேண்டும் என்று வீமன் முடிவுசெய்தார்.

வயலின் கற்றுத்தந்த பாடம்

ஒலி குறித்த பாடத்தில் வீமன் ஒருமுறை வயலினை எடுத்துக்காட்டி விளக்கினார். தந்திகள் மிக மெல்லியவை. அவை தாமே போதிய காற்றை அசைத்துப் பேரொலி எழுப்ப இயலாது. தந்தியின் அதிர்வு வயலினின் உள்ளே நிறுத்தப்பட்டுள்ள சிறு மரத்தண்டின் வழியாகப் பின்பலகைக்குச் செல்கிறது. அப்பலகை அதிர்வதால்தான் ஒலி பெருகிக் கேட்கிறது. இதனை வயலினைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார்.

பதினைந்து நிமிடங்கள் கழித்து, ஒலி முதன்மையாக எங்கிருந்து எழுகிறது என்று விடைகளைக் கொடுத்துத் தெரிவுசெய்யச் சொன்னார். சரியான விடையைத் தேர்ந்தவர்கள் 10 விழுக்காட்டினர் மட்டுமே. விளக்கியவர் ஆழ்ந்த புலமை உடையவர், விளக்கமும் தெளிவானது, இடைவெளியோ கால்மணி நேரம். இருந்தும் சொன்னது சென்று சேரவில்லை.

மாணவர் கவனிக்கவில்லை என்று குறைகூறி அவர் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். வீமன் அவ்வாறு செய்யவில்லை. புதிய செய்திகளை மனம் ஒரே நேரத்தில் மிகச் சிலவாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதையும், கேட்பவர் தம் மனத்திலுள்ள பழைய படத்துடன் புதியதை மோதவிட்டுப் பார்க்காதவரை அது நிலைக்காது என்பதையும் அந்நிகழ்வின்வழி எடுத்துரைத்தார். ஆசிரியர் சொல்வதற்கும் மாணவர் கற்பதற்கும் இடையே உள்ள தொலைவு அவருக்குத் தெளிவாயிற்று.

ஃபெட் பிறந்தது

2002ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் வீமன் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இயற்பியல் கல்வித் தொழில்நுட்பம் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைச் சுருக்கி அதற்கு ‘ஃபெட்’ என்று பெயரிடப்பட்டது. தமக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையின் ஒரு பகுதியையும் அவர் அதற்கு வழங்கினார். ‘சிமுலேஷன்’ எனப்படும் பாவனைச் செயலிகளை உருவாக்கி, உலகில் எவரும் விலையின்றிப் பயன்படுத்த அளிப்பதே அத்திட்டத்தின் நோக்கம். இயற்பியலில் தொடங்கிய அப்பணி பின்னர் வேதியியல், உயிரியல், கணிதம் எனப் பரவியது. இன்று 150க்கும் மேற்பட்ட செயலிகள் உள்ளன.

காணொலிக்கும் பாவனைச் செயலிக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. காணொலி ஓடும்; மாணவர் பார்ப்பார். பாவனைச் செயலியோ மாணவர் ஒன்றைச் செய்யும்வரை காத்திருக்கும். அவர் கம்பியை இழுத்து இணைத்தால்தான் விளக்கு எரியும். தடையைக் கூட்டினால்தான் ஒளி மங்கும். செய்ததற்கு உரிய விளைவு உடனே கண்முன் தோன்றும்.

மின்சுற்றுச் செயலியை எடுத்துக்கொள்வோம். திரையில் மின்கலம், கம்பி, விளக்கு, சாவி, மின்தடை ஆகியன உள்ளன. காசு, அழிப்பான் போன்ற அன்றாடப் பொருள்களும் உள்ளன. எது மின்சாரத்தைக் கடத்தும் என்று இணைத்துப் பார்க்கலாம். சுற்றை மூடியதும் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப்புள்ளிகளாக நகர்கின்றன. முதல் விளக்கிற்கு முன்னும், இரு விளக்குகளுக்கு இடையிலும், இரண்டாம் விளக்கிற்குப் பின்னும் அவை ஒரே வேகத்தில் செல்வதைக் காணலாம். எங்கும் அவை குறைவதில்லை, எங்கும் தேங்குவதில்லை. மேலும் ஒரு மின்கலத்தைச் சேர்த்தால் எல்லா இடத்திலும் ஒருசேர விரைகின்றன. ‘மின்னோட்டம் செலவாவதில்லை’ என்னும் உண்மையை இங்கு எவரும் எடுத்துரைக்கவில்லை, மாணவரே கண்டறிகிறார். விளக்கோ தடையோ இன்றி மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தால் திரையில் தீப்பற்றும். வீட்டில் செய்து பார்க்கக்கூடாத பிழையைத் திரையில் அச்சமின்றிச் செய்து பார்த்துக் குறுக்குச்சுற்றின் தீங்கை உணரலாம்.

மாணவரே ஆசிரியர்

இத்தகைய செயலியை ஒருவர் தனியே அமர்ந்து உருவாக்குவதில்லை. பாட வல்லுநர், வகுப்பறை ஆசிரியர், கல்வி ஆய்வாளர், மென்பொருள் வல்லுநர் ஆகியோர் கூடித் திட்டமிடுகின்றனர். எந்தக் கருத்து மாணவருக்குக் கடினமானது, எந்தத் தவறான எண்ணம் அவர்களிடம் வேரூன்றியுள்ளது, எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்று விவாதிக்கின்றனர். பிறகு முதல்வடிவம் உருவாகிறது.

அதன்பின் நிகழ்வதே ஃபெட் திட்டத்தின் உயிர்நாடி எனலாம். அப்பாடத்தை இன்னும் பயிலாத மாணவர் ஒருவர் அழைக்கப்படுகிறார். செயலியை அவர்முன் வைத்து, “விரும்பியவாறு இயக்கிப் பாருங்கள், மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்” என்று மட்டும் கூறுகின்றனர். ஆய்வாளர் அருகிருந்து குறிப்பெடுப்பார், விளக்கம் தரமாட்டார், பிழையைத் திருத்தவும்மாட்டார். கற்பித்தே பழகியவருக்கு அவ்வாறு வாய்மூடி இருப்பது எளிதன்று. ஆனால் அந்த அமைதியில்தான் உருவாக்கியவரின் பிழைகள் வெளிப்படுகின்றன.

வல்லுநருக்கு வெள்ளிடைமலையாகத் தோன்றியது மாணவர் கண்ணில் படுவதே இல்லை. அழகிற்காகச் சேர்த்த வண்ணத்திற்கும் அசைவிற்கும் மாணவர் பொருள் தேடித் தடுமாறுகிறார். வானொலி அலைகள் குறித்த செயலியின் தொடக்க வடிவில் அலைகள் தாமாகவே பரவிக்கொண்டிருந்தன. மாணவர்கள் அதை வேடிக்கை பார்த்தனரே தவிர, வினா எழுப்பவில்லை. எனவே, வடிவமைப்பு மாற்றப்பட்டது. புதிய வடிவில் தொடக்கத்தில் எதுவும் அசையாது. அலைபரப்பியிலுள்ள எலக்ட்ரானை மாணவர் தம் கையால் அசைத்தால்தான் அலை புறப்படும். அவ்வளவே மாற்றம், ஆனால் ‘நான் அசைத்ததால் அது நிகழ்ந்தது, ஏன்?’ என்னும் வினா அங்கே பிறந்துவிட்டது.

அறிவுரைகளைக் கூட்டினால் கற்றல் கூடும் என்று தோன்றும். ஆய்வு வேறுவகையாகக் கூறிற்று. ‘முதலில் இதை அழுத்துக, அடுத்து அதை நகர்த்துக’ எனப் படிப்படியாகக் கட்டளையிட்டபோது மாணவர் கட்டளையை நிறைவேற்றுவதிலேயே கருத்தாயிருந்தனர். தாமாக ஆராய்வது குறைந்தது. ஓரிரு பரந்த வினாக்களை மட்டும் தந்தபோது அவர்களின் ஆர்வமும் தேடலும் வளர்ந்தன. நல்ல பாடப்பொருள் வழியெல்லாம் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. வழிதவறி அழிந்துவிடாதவாறு காத்து, நடக்க விடுகிறது.

திரையா, உண்மைப் பொருளா?

திரையில் சுற்றமைத்துப் பழகியவருக்கு உண்மைக் கம்பியைக் கையாளத் தெரியுமா என்னும் ஐயம் இயல்பானது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான விளக்கு, கம்பி, அளவிகளுடன் ஆய்வுசெய்தனர். மற்றொரு பிரிவினர் மின்சுற்றுச் செயலியைப் பயன்படுத்தினர். கருத்துசார் வினாக்களுக்கு இரண்டாம் பிரிவினரே சிறப்பாக விடையளித்தனர். அதுமட்டுமன்று, உண்மைப் பொருள்களைக் கொடுத்து ஒரு சுற்றை அமைத்து விளக்கச் சொன்னபோதும் அவர்களே முந்தினர்.

இதனைக்கொண்டு ஆய்வகத்தை மூடிவிடலாம் என்று அவ்வாய்வாளர்கள் கூறவில்லை. செயலி, இயற்கையின் எளிமையாக்கப்பட்ட படம் மட்டுமே. திரையிலுள்ள கம்பியில் துருப்பிடிப்பதில்லை, இணைப்பு தளர்வதில்லை, அளவியின் முள் நடுங்குவதில்லை. அளவீட்டுப் பிழையைக் கையாளும் திறனையும் கருவியைப் பேணும் பழக்கத்தையும் மெய்யான ஆய்வகமே தரும். ஆகவே, திரையும் மேசையும் பகையல்ல. கருத்தைத் திரையில் கண்டு, மெய்ம்மையை மேசையில் உரசிப்பார்ப்பதே அறிவியல் நெறி.

தமிழ் வகுப்பறையில்

தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டுமுதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதியும் இடம்பெற்றன. இயற்பியல் நூலின் அப்பகுதிகள் சில, மாணவரை ஃபெட் செயலிகளிடம் அழைத்துச் செல்கின்றன. 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது.

ஃபெட் செயலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. இப்பெயர்ப்பு எளிய பணியன்று. அன்றாடப் பேச்சில் வேகம் என்னும் ஒரே சொல்லில் அடங்குவது இயற்பியலில் வேகம், திசைவேகம் எனப் பிரியும். கடைத்தெருவில் எடை என்பது அறிவியலில் நிறையாகும். பொத்தானுக்கு அருகிலுள்ள சிறிய இடத்தில் பொருந்துமாறும், பாடநூல் சொல்லோடு மாறுபடாதவாறும், மாணவருக்கு உடனே விளங்குமாறும் ஒரு சொல்லைத் தேர்வதற்கு மொழியறிவும் பொருளறிவும் ஒருங்கே வேண்டும்.

தொழில்நுட்பமும் மாறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் பல செயலிகள் ‘ஜாவா’, ‘ஃபிளாஷ்’ ஆகியவற்றில் உருவாயின. அவை கைப்பேசியில் இயங்கா. 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிளாஷிற்கான ஆதரவே நிறுத்தப்பட்டது. எனவே, செயலிகள் ஒவ்வொன்றாக ‘எச்டிஎம்எல்5’ வடிவில் மீண்டும் எழுதப்பட்டன. இன்று அவை கைப்பேசியிலும் இயங்குகின்றன. ஒருமுறை பதிவிறக்கினால் இணையமின்றியும் இயங்கும். இணைய இணைப்பு தடைப்படும் சிற்றூர்ப் பள்ளிக்கு இது பெரும்பேறு. ஒரே கைப்பேசியைச் சுற்றி ஐந்து மாணவர் அமர்ந்தாலும் குறையில்லை. ஒருவர் இயக்க, மற்றவர் ‘இப்படிச் செய்து பார்’ என வாதிட, அங்கே கற்றல் நிகழ்ந்துகொண்டிருக்கும்.

எனினும் கருவியின் பயன் அதனைக் கையாளும் முறையில் உள்ளது. ஆசிரியர் ஒருவரே செயலியை இயக்கி, மாணவரைப் பார்க்கச் செய்தால் அது மற்றொரு கரும்பலகையே. செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியில் கணநேரம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம் எவ்வளவு? செயலியைத் திறப்பதற்கு முன் இவ்வினாவைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையை எழுதச் செய்தல் வேண்டும். ‘சுழி’ என்று பலர் எழுதுவர். அருகிலிருப்பவருடன் வாதிடட்டும். பின்னர், எறிபொருள் இயக்கச் செயலியில் எறிகோணத்தை 90 பாகையாக அமைத்து, காற்றுத்தடையை நீக்கி, திசைவேகத்தையும் முடுக்கத்தையும் குறிக்கும் அம்புகளை நோக்கட்டும். திசைவேக அம்பு மேலேறச் சுருங்கி, உச்சியில் மறைந்து, கீழ்நோக்கி மீண்டும் வளரும். முடுக்க அம்போ உச்சியிலும் மாறாமல் கீழ்நோக்கியே நிற்கும். அதன் அளவு வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். தாம் எழுதிய விடைக்கும் கண்ட காட்சிக்கும் இடையிலுள்ள முரண்பாட்டில் மாணவர் திகைக்கும் அந்தக் கணமே கற்றலின் வாயில். எழுதாமல் பார்த்தவருக்கு அத்திகைப்பு நேராது; ‘எனக்கு முன்பே தெரியும்’ என்று எண்ணிக் கடந்துவிடுவார்.

மீண்டும் அவ்விரு விளக்குகள்

இனி, முதலில் கண்ட இரு விளக்குகளிடம் திரும்புவோம். ‘கரண்ட் செலவாகிவிடும்’ என்று கூறிய மாணவர் திரையில் சுற்றை அமைக்கிறார். இரண்டு விளக்குகளும் ஒரே அளவில் எரிகின்றன. விளக்குகளை இடம்மாற்றிப் பார்க்கிறார், அப்போதும் அவ்வாறே. அம்மீட்டரை மூன்று இடங்களில் வைத்து அளக்கிறார். மூன்றும் ஒரே அளவு. ‘அப்படியானால் செலவாவது எது?’ என்று அவர் கேட்கிறார். எந்தச் சூத்திரமும் எழுப்பாத வினா அது. ஆற்றல் என்னும் கருத்திற்கு அவர் தம் காலால் நடந்து வந்து சேர்ந்துவிட்டார்.

தவறான விடை வெட்கப்படத்தக்கதன்று. அதனை மறைத்து வைப்பதே கற்றலுக்குத் தடை. செயலியை உருவாக்கும் வல்லுநர்கள் தேடி அழைப்பது, எல்லாம் அறிந்த மாணவரை அன்று. தம் மனத்தில் உள்ளதை உள்ளவாறே வாய்விட்டுச் சொல்லும் மாணவரையே. உலகெங்கும் பயன்படும் பாடப்பொருள்கள் அத்தகைய மாணவர்களின் தயக்கமற்ற சொற்களாலேயே செம்மையுற்றன. நாளை தமிழில் புதிய பாவனைச் செயலி ஒன்றை உருவாக்கப்போகிறவர், இன்று வகுப்பறையில் ‘முதல் விளக்குதான் நன்றாக எரியும்’ என்று துணிந்து சொன்ன ஒருவராகவும் இருக்கலாம். ஏனெனில், எந்த இடத்தில் மனம் இடறும் என்பதை இடறி எழுந்தவரே நன்கறிவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் ஊரிலும் வழங்கும் பேச்சுவழக்குத் தொடர்களுள் அறிவியல் கருத்துக்கு மாறானவை ஐந்தனைத் தொகுத்து, அவற்றின் உண்மைப் பொருளை எழுதுக.

2. நீங்கள் ஒருகாலத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருந்த அறிவியல் கருத்து ஒன்றையும் அத்தவறு எவ்வாறு நீங்கியது என்பதையும் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

3. ‘திரைவழிக் கற்றல் ஆய்வகத்திற்கு மாற்றாகுமா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் இயற்பியல் பாடநூலில் கடினமாகத் தோன்றும் கருத்து ஒன்றைத் தேர்ந்து, அதற்கான பாவனைச் செயலியில் எவற்றைக் காட்டலாம், எவற்றை மாணவரே செய்யுமாறு விடலாம் என்பதைக் குழுவாகக் கலந்துரையாடிக் குறிப்பு எழுதுக.